கொட்டாஞ்சேனை வளவில் ஈயம்: சுவரோரத்தை மூடியதும் வல்லாரையை மேலே ஏற்றியதும்

எங்கள் வீட்டுப் பின்வளவு பெரியதல்ல. ஒரு சின்ன லொறியை நிறுத்தினால் சுற்றி நடக்கத்தான் இடம் மிஞ்சும். அந்த அளவு இடத்துக்குள்ளேயே மண் நாலு விதமாக இருந்தது. வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டடித் துண்டில் ஈயம் கிலோவுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியது. அங்கிருந்து பத்தடி தள்ளி, நடு வளவில், வெறும் 70. வீதிப்பக்கத்து வேலியோரம் 180. பின்மதில் மூலையில், முன்பிருந்தவர் பற்றரி வேலை செய்த இடத்தில், நாலாயிரத்துக்கும் மேலே. கொழும்பு மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று இப்போது யாராவது கேட்டால், உங்கள் வளவில் எந்த மூலையைக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? மனிதக் கை படாத மண்ணிலும் ஈயம் உண்டு. கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை இயற்கையாகவே இருக்கும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வீட்டு வளவுகளுக்கு நெடுங்காலம் 400 என்ற எல்லையை வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. கலிபோர்னியாவின் அளவுகோல் 80. இப்படிப் பார்த்தால் எங்கள் நடு வளவு தப்பியது, வேலியோரம் இரண்டுங்கெட்டான், மற்ற இரண்டும் தோட்டத்துக்கு ஆகாது.

அக்காதான் தோட்டத்தைத் தொடங்கியவர். 2022 நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அந்த லீவில் எத்தனை பேர் மண்வெட்டி பிடித்தார்களோ தெரியாது, அக்கா பிடித்தார். கத்தரி, வெண்டி, பயற்றங்காய், கறிமிளகாய் எல்லாம் காய்த்தன. அம்மா சுவரோரத்தில் வல்லாரை பரப்பினார். பீலியால் வடியும் தண்ணீர் அங்கேதான் விழும், ஈரம் காயாது, வல்லாரைக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. அப்போதெல்லாம் மண்ணைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அக்காவின் மகள் தவழ்ந்து, பிறகு நடந்து, கைக்கு அகப்பட்டதை வாயில் போடும் வயதுக்கு வந்தபோதுதான் பக்கத்து வீட்டுச் சேர் வாயைத் திறந்தார். இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி சொன்னார்:

“தம்பி, பிள்ளை விளையாடுற இடத்தில அந்த ஜன்னல் பெயின்ற் உதிர்ந்து கிடக்கு. அதை ஒருக்கா பாருங்க.”

பார்த்தேன். எங்கள் வீடு கபூக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய வீடு. பலகை ஜன்னல்கள். உதிர்ந்த சில்லு ஒன்றைக் கத்தி முனையால் பிரித்தால் மேலே வெள்ளை, கீழே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள், அடியில் செம்மஞ்சள் என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கு வந்தது. பழைய எனாமலின் அந்த அழகான மஞ்சள் பெரும்பாலும் ஈயக் குரோமேற்று. செம்மஞ்சள் அடிப்பூச்சு செவ்வீயமாக இருக்கக்கூடும். இலங்கையில் பெயின்றுக்கு ஈய எல்லை சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். இமல்ஷனுக்கு 90 பிபிஎம் (கிலோவுக்கு மில்லிகிராம்), எனாமலுக்கு 600. அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம்.

வேலியோரத்து 180க்கு வேறு காரணம். இங்கே ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை ஓடியது. புகையோடு வந்த ஈயம் வீதியை அண்டிய மேல்மண்ணில் படிந்தது. ஈயம் ஆவியாவதில்லை, மக்குவதில்லை, மழையிலும் இலகுவில் கீழே இறங்குவதில்லை. மண்ணின் களியோடும் மக்கிய பொருளோடும் ஒட்டிக்கொண்டு மேல் ஒரு சாணுக்குள்ளேயே கிடக்கும். பெற்றோல் மாறி இருபது வருடத்துக்கு மேலாகியும் வீதியோர மண் அதை மறக்காததற்குக் காரணம் இதுதான்.

மண் எடுத்தது

ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும் மண் ஒரு பிடிதான். அந்தப் பிடி ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தும் பயனில்லை. அதனால் முதலில் வளவை ஒரு தாளில் வரைந்தேன். கூரைத் தண்ணீர் விழும் கோடு எங்கே, பழைய ஜன்னல்கள் எங்கே, குப்பை எரித்த குழி எங்கே, முன்பிருந்தவர் எங்கே வேலை செய்தார், பிள்ளை எங்கே விளையாடுகிறாள் என்று அம்மாவிடமும் அயலாரிடமும் கேட்டுக் குறித்தேன். பற்றரி மூலையைப் பற்றித் தெரியவந்தது இப்படித்தான். ஓட்டோப் பற்றரி திறந்து தட்டு மாற்றிய ஒருவர் முன்பு இங்கே வாடகைக்கு இருந்திருக்கிறார். அந்த மூலையில் புல்கூட முளைக்காததற்கு நிழல்தான் காரணம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

வரைபடத்தை நாலு வலயமாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இடத்தில் குழி தோண்டி, மேல்மண்ணிலிருந்து 15 சென்றிமீற்றர் ஆழம் வரை ஒரே அளவாகச் சீவி, பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்தேன். பிள்ளை விளையாடும் இடத்தில் மட்டும் மேலே இரண்டு மூன்று சென்றிமீற்றர் போதும். அவள் கையில் ஒட்டுவது அதுதானே. கரண்டி துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். நாகம் (சிங்க்) பூசிய வாளியும் பெயின்ற் அடித்த மண்வெட்டியும் வேண்டாம். அவற்றின் உலோகமும் கணக்கில் ஏறிவிடும். கலந்த மண்ணை வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்வாசிகளை எடுத்து, மீண்டும் கலந்து மீண்டும் பிரித்தால் அரைக் கிலோ அளவில் வந்து நிற்கும். அதை நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, பிளாஸ்டிக் அரிதட்டில் அரித்து, பொலித்தீன் பையில் கட்டிப் பெயர் எழுதினேன். பெயின்ற் சில்லு கண்ணில் பட்டால் பொறுக்கி எறியாதீர்கள். அதுவும் அந்த மண்ணின் பங்குதான்.

ஆய்வுகூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மொத்த அளவா, செடி எடுக்கக்கூடிய அளவா? அமிலத்தில் வேக வைத்து அணுவுறிஞ்சல் கருவியில் அளப்பது மொத்தம். மேலே சொன்ன 400, 200 எல்லாம் மொத்த அளவுக்கான எல்லைகள். ஒப்பிடுவதானால் அதையே எடுங்கள். நான் ஈயத்தையும் கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தையும் எல்லா வலயத்துக்கும் கேட்டேன். ஆசனிக்கை நடு வளவுக்கும் விளையாட்டு இடத்துக்கும் மட்டும் கேட்டேன். அதற்குத் தனிக் காசு, ஆனால் அந்தக் காசு வீண் போகவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மண்ணின் பீஎச் அளவையும் (புளிப்பைக் காட்டும் எண், 7க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு) கூடவே எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் நடு வளவில் அது 5.1. கொழும்புப் பக்கம் மழை அதிகம், சுண்ணாம்புச் சத்து கழுவுண்டு போவதால் மண் புளிப்பேறுவது வழக்கம்தான்.

ஜன்னல் பெயின்றில் ஈயம் உண்டா என்று பார்க்க, தேய்த்தால் நிறம் மாறும் குச்சிகள் விற்கிறார்கள். பெயின்றுக்கு அவை ஓரளவு உதவும், மண்ணுக்கு உதவாது.

கறியா, கையா?

அறிக்கை வந்த அன்று வீட்டில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு நாளும் தின்ற கத்தரிக்காய்? சேர் மதிலோரம் நின்றபடியே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சின்னப் பிள்ளை நாளுக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம் மண்ணும் தூசியும் விழுங்கும் என்று வைத்துத்தான் இந்தத் துறையில் கணக்கிடுவார்கள். உப்புத் தூவும் ஒரு சிட்டிகையை விடக் குறைவு. சுவரோர மண்ணில் அந்த 100 மில்லிகிராமுக்குள் 60 மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது. இலைக்கறிகளுக்குச் சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் ஈய எல்லை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். எல்லையைத் தொட்டு நிற்கும் கீரையில் 50 கிராம் சாப்பிட்டால் 15 மைக்ரோகிராம். கத்தரி, வெண்டி, தக்காளி போன்ற காய்களுக்கு எல்லை 0.05, 50 கிராமுக்கு இரண்டரை.

“விளங்குதா தம்பி? முதல்ல பிள்ளையின்ட கை. பிறகு வாசல் மிதியடி. கத்தரிக்காய் கடைசியில.”

ஈயத்தைச் செடி விரும்பி இழுப்பதில்லை. வேரில் நுழைந்த கொஞ்சமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். காய்க்குப் போய்ச் சேர்வது மிகச் சிறிய பங்கு. கீரையில் ஈயம் காணப்பட்டால் அதில் பெரும்பகுதி இலைமேல் ஒட்டிய மண்தான். கிழங்கு வகைகளில் தோலில் ஒட்டியது. கட்மியத்தின் குணம் வேறு. அது நாக உலோகத்தைப் போலவே நடந்து வேருக்குள் இலகுவாகப் புகுந்து இலை வரை ஏறிவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது. எங்கள் வளவில் கட்மியம் எல்லா வலயத்திலும் அடிமட்டத்தில்தான் இருந்தது. அதனால் எங்கள் வேலை முழுவதும் மண் ஒட்டாமல், பறக்காமல், தெறிக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சுருங்கியது. உங்கள் அறிக்கையில் கட்மியம் தலைதூக்கினால் இந்தப் பதிவில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. கீரையை அந்த மண்ணில் நடாமல் விடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

ஜன்னலும் சுவரோரமும்

மூலத்தை அடைக்காமல் மண்ணைத் தொடுவது வீண் வேலை. எனவே ஜன்னல் முதலில். கூலிக்கு வந்தவர் காய்ந்த மரத்தில் சாண்ட் பேப்பர் போடத் தயாரானார். அவரை நிறுத்துவதே பெரிய பாடாகிவிட்டது. பழைய பெயின்றைக் காய விட்டுத் தேய்த்தால் வளவு முழுவதும் ஈயத் தூசி. நெருப்பூதியால் சுட்டு உரிப்பது அதைவிட மோசம், ஈயம் புகையாகவே எழும். கீழே தடித்த பொலித்தீனை விரித்து, ஓரத்தைக் கல் வைத்து, தெளிப்பான் போத்தலால் தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே சுரண்டினோம். உதிரத் தயாராக இருந்ததை மட்டும் எடுத்தோம். இறுகப் பிடித்திருந்ததைச் சுரண்டாமல் அதன்மேல் புதுப் பூச்சு அடித்தோம். முழுவதையும் மரம் தெரியும் வரை உரிப்பதுதான் சுத்தம் என்று பெயின்றர்மார் சொல்வார்கள். ஈயப் பெயின்றில் அந்தச் சுத்தம் வேண்டாம். வாயை மூட என்95 முகக்கவசமாவது வேண்டும், மருந்துக்கடை நீலத் துணி போதாது. வேலை உடுப்பைத் தனியாகத் தோய்க்க வேண்டும். பிள்ளையை அந்த நாட்களில் அக்கா மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

சுவரோர மண்ணை என்ன செய்வது என்பதில் நிறைய யோசித்தேன். வெட்டி அள்ளி எறிந்துவிடலாம் என்பதுதான் எல்லார் வாயிலும் முதலில் வரும் யோசனை. எங்கே எறிவது? மாநகரசபைக் குப்பையில் போட்டால் வேறொருவரின் வளவுக்குப் போகும். புளுமெண்டால் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோண்டும்போது எழும் தூசி வேறு. ஆகவே அங்கேயே வைத்து மூட முடிவெடுத்தேன். மண்ணை நனைத்துத் தட்டி மட்டமாக்கி, ஜியோ டெக்ஸ்டைல் துணியை இரட்டையாக விரித்து, அதன்மேல் மணல், அதன்மேல் இன்டர்லொக் கல். சுவரிலிருந்து வெளிப்பக்கம் சற்றுச் சரிவு. பீலித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கானுக்கு விட்டேன். அம்மாவின் வல்லாரைப் பாத்தி போனது. அதன் விளைவுகளைப் பிறகு சொல்கிறேன்.

பற்றரி மூலையை இவ்வளவு மென்மையாகக் கையாள முடியாது. அங்கே சாம்பல் நிறத் துணுக்குகள் மண்ணோடு கலந்து கிடந்தன, பழைய தட்டுகளின் ஈயப் பசை. ஊற்றிய கந்தக அமிலத்தால் பீஎச் 4க்கும் கீழே. அமில மண்ணில் ஈயம் கரைந்து நகரக்கூடும் என்பதால் முதலில் சுண்ணாம்பைத் தாராளமாகக் கலந்து ஈரமாக்கி ஆறவிட்டோம். பிறகு தடித்த பொலித்தீன், அதன்மேல் நாலு அங்குலக் கொங்கிறீட். இப்போது அதன்மேல் தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. வருங்காலத்தில் யாராவது உடைத்துக் கிணறு தோண்டிவிடக் கூடாது என்பதற்காக, கீழே என்ன இருக்கிறது என்று கொங்கிறீட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுதி வைத்தேன். அக்கா சிரித்தார். சிரிக்கட்டும்.

நடு வளவு

இங்கேதான் உண்மையான தோட்ட வேலை. 70 என்பது பயப்படும் எண் அல்ல, ஆனால் பீஎச் 5.1 எனக்குப் பிடிக்கவில்லை. புளிப்பு மண்ணில் கட்மியமும் ஈயமும் செடிக்குக் கிடைக்கும் வடிவில் இருக்கும், 6.5 அளவுக்கு உயர்த்தினால் பெரும்பாலும் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். டொலமைட் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் தூவிக் கொத்தினேன். கடைக்காரர் இரட்டிப்பாகப் போடச் சொன்னார். போடவில்லை. பீஎச் அளவுக்கு மீறி ஏறினால் இரும்புச் சத்துக் கிடைக்காமல் இளம் இலை மஞ்சளடிக்கும். ஒரு பருவம் கழித்து அளந்தபோது 6.3 வந்திருந்தது, கொஞ்சம் மேல்போட்டேன்.

அடுத்தது பொஸ்பேட். ஈயமும் பொஸ்பேட்டும் சேர்ந்தால் பைரோமோர்பைட் என்ற, தண்ணீரில் ஏறக்குறையக் கரையாத கனியம் உண்டாகும். ஈயத்தை மண்ணில் பூட்டி வைக்க இதுவே கெட்டியான பூட்டு. ஆனால் அதே பொஸ்பேட், மண்ணில் ஆசனிக் இருந்தால் அதைத் தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆசனிக் கரைசலுக்கு வந்துவிடும். சுண்ணாம்பும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். ஆசனிக்கைத் தனிக் காசு கொடுத்து அளந்தது இதற்காகத்தான். எங்களுக்கு அது குறைவாக வந்ததால் துணிந்து போட்டேன். ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேட்டைக் கிள்ளித்தான் போட்டேன், ஏனென்றால் பொஸ்பேட் பசளைகள் பாறையிலிருந்து கட்மியத்தையும் சுமந்து வருவன. ஒன்றைப் பூட்டப் போய் இன்னொன்றை உள்ளே விடக் கூடாது.

கூட்டெருதான் எல்லாவற்றுக்கும் மேல். உலோகத்தைப் பிடித்து வைக்கும், மண்ணின் அளவைக் கூட்டிச் செறிவைக் குறைக்கும், மண்ணைத் தூசியாகப் பறக்காமல் ஈரமாக வைக்கும். வெளியில் சாக்குக் கணக்கில் வாங்கிய முதல் தொகுதியை அரித்தபோது கண்ணாடித் துண்டு, பொலித்தீன் நார், ஒரு பட்டன் பற்றரி வந்தது. தரம் பிரிக்காத ஊர்க்குப்பையிலிருந்து செய்தது. அதையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். கட்மியம் என் நடு வளவு மண்ணைவிடப் பல மடங்கு. திருப்பிக் கொடுக்கப் போனால், “எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை” என்றார்கள். காசு வரவில்லை. அதன்பிறகு வீட்டுச் சமையற்கழிவு, காய்ந்த இலை, அயல் வீட்டு மாட்டுச் சாணம், தும்புச்சோறு, இவ்வளவுதான். பலகை எரித்த சாம்பலைச் சேர்க்கும் வழக்கத்தையும் விட்டேன். பெயின்ற் அடித்த பலகையும் பூச்சிக்கு மருந்து ஏற்றிய மரமும் எரிந்தால், மரம் போய் உலோகம் மட்டும் சாம்பலில் மிஞ்சும்.

செடிகளுக்கு இடையே தென்னோலையும் பொச்சு மட்டையும் பரப்பினேன். கொழும்பு மழை விழும் வேகத்தில் மண் முழங்கால் உயரம் தெறிக்கிறது. அது தெறித்து ஒட்டுவது தக்காளியின் அடிக் காய்களிலும் கீரையிலும்தான். மூடாக்குப் போட்டபின் காய்கள் பறிக்கும்போதே சுத்தமாக இருந்தன. மூடாக்கால் நத்தை கூடியது, அதை இங்கே விவரித்தால் பதிவு நீளும்.

சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடுமாமே என்று கேட்டவர்கள் பலர். செடிகளுக்கு ஈயம் வேண்டாத விருந்தாளி. ஈடிடிஏ போன்ற இரசாயனத்தை ஊற்றி வலிந்து கரைத்தால்தான் கொஞ்சமாவது ஏறும், கரைந்தது நிலத்தடி நீருக்கும் இறங்கும். அப்படி உறிஞ்சிய செடியைப் பிறகு எங்கே போடுவது? பூவுக்காக நடுங்கள், நல்ல பூ.

வல்லாரை

வல்லாரைப் பாத்தியை மூடியதில் அம்மாவுக்குப் பெரிய மனத்தாங்கல். நன்றாகக் கழுவினால் சரிதானே என்பது அவர் வாதம். வாதத்தை ஆய்வுகூடத்திலேயே தீர்த்துக்கொள்வோம் என்று, மூடுவதற்கு முன் அந்தப் பாத்தியிலிருந்து இரண்டு கட்டுப் பறித்தேன். ஒன்றை வழக்கம்போல் குழாயடியில் ஒரு தரம் அலசினோம். மற்றதை வேரோடு ஒட்டிய தண்டை வெட்டி, இரண்டு தண்ணீரில் அலசி, லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி வினாகிரி விட்ட நீரில் ஊற வைத்து, திரும்பவும் அலசினோம்.

இலை அறிக்கையைப் படிக்கும்போது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ஆய்வுகூடம் உலர் நிறைக்குக் கணக்குச் சொல்லும். கோடெக்ஸ் எல்லை பச்சை இலைக்கு. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் உலர் எண்ணை ஏறக்குறையப் பத்தால் பிரிக்க வேண்டும். இதைத் தெரியாமல் உலர் எண்ணை நேரே ஒப்பிட்டுத் தோட்டத்தையே அழித்தவரையும் கண்டிருக்கிறேன்.

ஒரு தரம் அலசிய வல்லாரையில் ஈயம், பச்சைக் கணக்கில், 1.1. நன்றாகக் கழுவியதில் 0.4. கட்மியம் இரண்டிலும் ஒன்றுபோல, எல்லைக்கு நன்கு கீழே. அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது: கழுவியதில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. ஆனாலும் 0.3க்கு மேலேதான். வல்லாரை தரையோடு படரும், இலை ஓரம் அரத்தின் பல் மாதிரி, நரம்புக் குழியில் மண் இருந்துவிடும். அதிலும் நாம் அதைச் சமைப்பதில்லை, பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் போட்டுச் சம்பல். ஆற அமரக் கழுவும் நாளும் உண்டு, அவசரத்தில் அள்ளிப் போடும் நாளும் உண்டு. அவசர நாளையும் கணக்கில் எடுத்தால் பாத்தியை இடம் மாற்றுவதுதான் சரி.

சீமெந்துக் கல்லில் ஓரடி உயர மேடைப் பாத்தி ஒன்று கட்டினேன். அடியில் துணி, உள்ளே சோதித்துப் பார்த்த மண்ணும் வீட்டுக் கூட்டெருவும் தும்புச்சோறும். கல்லுக்குப் பதிலாகப் பழைய டயர் போடச் சொன்னார்கள். இங்கே எல்லாப் பள்ளிக்கூடத் தோட்டத்திலும் வர்ணம் அடித்த டயர்தான். டயர் ரப்பரில் நாக ஒக்சைட் உண்டு, அதன்மேல் அடித்த பெயின்றில் என்ன உண்டு என்பது வேறு. ரயில் சிலிப்பர் கட்டைகளில் உலோகத்தைவிடக் கிரியோசோட் எண்ணெய்தான் கவலை. சீமெந்துக் கல் அசிங்கமாக இருந்தாலும் பீஎச் அளவைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது, எங்களுக்கு அது நல்லதுதான்.

இப்போது வல்லாரையும் பொன்னாங்காணியும் முளைக்கீரையும் மேடையில். நிலத்தில் கத்தரி, வெண்டி, தக்காளி, பயற்றங்காய், புடோல். நடு வளவுத் தக்காளியில் ஈயம் கருவி காட்டும் அளவுக்குக்கூட இல்லை. வீதியோர 180இல் வாழையும் செவ்வரத்தையும். கரட், முள்ளங்கி, மரவள்ளி எதுவும் நிலத்தில் நடுவதில்லை. மேடையில் வந்த வல்லாரையை ஒரே ஒரு தரம் அலசி அனுப்பினேன், 0.1க்குக் கீழே வந்தது. அறிக்கையை அம்மாவிடம் நீட்டினேன், அவர் கண்ணாடியைத் தேடவில்லை. “இலை சின்னதாப் போச்சு” என்றார். உண்மைதான், சின்னதாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு தலைவலி எதற்கு, சந்தையில் வாங்கலாமே என்கிறார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு பிலியந்தலைப் பகுதிச் சந்தைகளில் விற்ற கங்குன், பொன்னாங்காணி, முளைக்கீரை முதலிய இலைக்கறிகளை எடுத்து நிக்கல், கட்மியம், குரோமியம், ஈயம், செம்பு எல்லாவற்றையும் அளந்து பார்த்தது. அளக்க வேண்டிய தேவை இருந்தது என்பதே போதும். கால்வாய்க் கரையில் அறுத்த கங்குன் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று கட்டில் எழுதியிருப்பதில்லை. என் மண்ணை எனக்குத் தெரியும்.

கதவருகே தடித்த மிதியடி, தோட்டத்துச் செருப்பு வாசலுக்கு வெளியே, தரையைத் தும்புத்தடியால் உலரக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைப்பது, சாப்பாட்டுக்கு முன் பிள்ளையின் கை. இவற்றை அக்கா கண்டிப்பாக நடத்துகிறார். பிள்ளையின் இரத்தத்தையும் சோதித்தோம். உலக சுகாதார நிறுவனம் காரணத்தைத் தேடி நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம். அவளுக்கு அதைவிடக் குறைவு. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்றும் அதே நிறுவனம் சொல்வதால் அடுத்த வருடமும் பார்ப்போம்.

மீதி இருப்பது சேரின் கோழிகள். மதிலில் ஓர் ஓட்டை வழியாக எங்கள் வேலியோரத்துக்கு வந்து நாள் முழுவதும் கிளறுகின்றன. கோழி மண்ணையும் சேர்த்துத்தான் கொத்தும், மண்ணின் ஈயம் முட்டைக்குப் போகும். எனக்கு இரசாயனம் சொல்லித்தந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

“அது எனக்குத் தெரியாதா தம்பி,” என்றார். “முட்டை ரெண்டு தாறன், அடுத்த தரம் போகேக்க அதையும் குடுங்க. காசு நான் தாறன்.”

ஓட்டையை அடைப்பதா என்பதை அறிக்கை வந்தபின் பேசுவோம் என்றிருக்கிறார். நான் அதற்குள் ஒரு தகரத்தை வைத்துச் சாய்த்திருக்கிறேன்.